பிரிக்காமல் திரும்பிய பெட்டிகள்

லியோகாடியாவைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தொலேதோவில் எங்கள் சந்து முனையில் அவளுடைய அப்பா ரொட்டி அடுப்பு வைத்திருந்தார். அவர் போனபின் அவளும் தம்பி எலாதியோவும்தான் மாவு பிசைந்தார்கள். அப்புறம் ஒருநாள், எதிர்மடத்தில் கன்னியாஸ்திரீயாகச் சேரப்போவதாகச் சொன்னாள். போனால் வெளியே வர முடியாத மடம் அது. எலாதியோ கத்தவில்லை. அடுப்பை அணைத்தான், கடையை விற்றான், மாட்ரிட்டுக்குப் போய்விட்டான்.

உள்ளே அவளுக்கு மரிய லூஸ் என்று வேறு பெயர் வைத்தார்கள். பாதாம் அரைத்து இனிப்பு செய்வதுதான் வேலை. மடத்து வாசல் சுவரில் மரத்தால் செய்த சுழல்பெட்டி ஒன்று உண்டு. காசை வைத்துச் சுழற்றினால் இனிப்பு வரும். கொடுப்பவள் முகம் தெரியாது. அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றே ஒரு ஆயுசுக்கு அவளோடு பேசியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் வந்தால் தம்பிக்கு ஒரு பெட்டி தருவாள். நான்தான் தபாலில் போடுவேன். அது பிரிக்காமலே என் வீட்டுக்குத் திரும்பி வரும்.

போன ஜனவரியில் நெஞ்சுச் சளி அவளைக் கொண்டுபோனது. மடத்திலிருந்து எலாதியோவுக்குக் கடிதம் போட்டார்கள். அதையும் அவன் பிரிக்காமல் திருப்பி அனுப்பினான்.

மே மாதம் மாட்ரிட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் ஊர் பார்க்க வந்தார்கள். எல்லோரும் கதீட்ரலுக்குப் போக, ஒரு பெண் மட்டும் சுழல்பெட்டி முன்னால் நின்று லியோகாடியாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவள் தெற்கே வேறு மடத்திலிருந்து புதிதாக வந்தவள். லியோகாடியா என்ற பழைய பெயர் அவளுக்குத் தெரியாது; அப்படி யாருமே இங்கே இல்லை என்றாள். அந்தப் பெண் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் விசாரித்தேன். பெயர் நோஎலியா, எலாதியோவின் மகள். அப்பா ஆஸ்பத்திரியில், இனிப் பிழைக்க வழியில்லையாம். அக்கா தன்னை மன்னிப்பாளா என்று கேட்டு வரச் சொல்லி மகளை அனுப்பியிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அவள் போன் அடித்தது. அப்பாதான். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, போன்ல அப்பாவுக்கு முகம் தெரியாதுல்ல. அத்தை மாதிரி நீங்களே மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"செத்தவ வாயால நான் பேச மாட்டேன் மகளே. குடு இப்படி."

போனை வாங்கினேன். "எலாதியோ, எதிர்வீட்டு சக்ராரியோ பேசறேன். உங்கக்கா ஜனவரியிலயே போயிட்டா. அதச் சொல்ல வந்த கடிதாசியத்தான் நீ திருப்பி அனுப்பின."

"என்மேல கோவமா இருந்தாளா அக்கா?" என்றான்.

"பெட்டி திரும்பி வந்தா சிரிப்பா. 'வந்துருச்சா, அப்ப தம்பி உயிரோட இருக்கான், இத நீ தின்னு'ன்னுவா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அச்சுல வார்த்த மண்டை."

அவன் அழுதான். எங்கே புதைத்திருக்கிறது, தன்னை ஒருதரம் தூக்கிக்கொண்டு வந்தாவது காட்டுவார்களா என்று கேட்டான். மடத்துத் தோட்டத்தில்தான், வெளியாள் யாரும் போக முடியாது, நானே பார்த்ததில்லை என்றேன்.

நோஎலியா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அத்தைகிட்டயே சொல்லுங்கப்பா" என்று அதில் சொல்லி, அணைக்காமல் அப்படியே சுழல்பெட்டியில் வைத்தாள். மரிய லூஸின் குழிமேல் கொஞ்ச நேரம் இதை வைக்க வேண்டும் என்று கெஞ்சினாள். உள்ளே இருந்தவள் தயங்கினாள். நான் பலகையைத் தட்டித் தட்டிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். பெட்டி சுழன்றது.

போன் திரும்பி வந்தபோது பேச்சு அறுந்திருந்தது. தோட்டத்துக்குப் போகும் முன்பே, நடையின் கனத்த சுவர்களுக்கு நடுவில் அறுந்துவிட்டதாம். வெறும் போனைத்தான் மண்மேல் வைத்தாளாம். நோஎலியாவுக்கு முகம் வெளுத்தது. அதற்குள் அவனே மறுபடி கூப்பிட்டான். நான் எடுத்தேன்.

"எங்கக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் சக்ராரியோ. பாதாம் மரத்துல குருவி கத்துச்சு, எனக்குக் கேட்டுச்சு."

பேச்சு அறுந்ததைச் சொல்லாமல் போனை நோஎலியாவிடம் கொடுத்தேன். கீழே சதுக்கத்தில் பஸ்காரன் ஹாரன் அடித்தான். நோஎலியா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிப்பா, சரிப்பா" என்றபடியே இறங்கிப் போனாள்.