பாதி வேகத்தில் ஓடிய போர்ட்

போன வருடம் மழைக்காலம் முழுவதும் நான் கண்டியில் ஒரு மேல்மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். இப்படி எழுதினால் யாரோ என்னைப் பூட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. பூட்டியது நான்தான். அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த வாரத்திலேயே கட்டிலை விட்டுத் தனியாக எழும்பப் பார்த்து விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. அம்மா எப்போதோ இறந்துவிட்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அன்றோடு படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். நான் பிடிக்காமல் கால் தரையில் படக்கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவும் போட்டேன்.

மஹியாவைக்கு மேலே சரிவில் இருக்கிற வீடு. ஜன்னலைத் திறந்தால் பாசி பிடித்த பக்கத்து வீட்டுச் சுவர். மழை நின்றால் அந்தச் சுவர் வடியும், மழை பெய்தால் நனையும், வேறு காட்சி கிடையாது. மத்தியானம் அப்பா கண் அசந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே கடைக்கு ஓடுவேன். பருப்பையும் பாண் ரொட்டியையும் தூக்கிக்கொண்டு படி ஏறி வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அவர் விழுந்து கிடப்பாரோ என்ற நினைப்பில் ஒரு நாளாவது சில்லறையைச் சரியாக வாங்கி வந்தேனா என்பது சந்தேகம்.

பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையில் ஸ்டொக் பார்க்கிற வேலை எனக்கு. சம்பளமில்லாத லீவில் இருந்தேன். முதலாளி நல்ல மனுசன். ஆனால் கடை நடக்க வேண்டுமே. ஒரு நாள் போன் எடுத்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்கொள்ள வாணாம். இந்த மாசம் முடியிற வரைக்கும் பாக்குறன். அதுக்குப் பொறகு வேற ஆள் போடத்தான் வேணும்."

"வந்துருவேன் முதலாளி," என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

கீழ் வீட்டில் ஒரு சிங்கள ஆன்ட்டி தையல் மெசின் வைத்து உடுப்புத் தைக்கிறார். அப்பா விழுந்தால் ஓடிவரத் தயார், ஆனால் மேலே வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "துவே, நீ கூப்பிடு, நான் வாறேன். நீ கூப்பிடாட்டி எனக்கு எப்படித் தெரியும்?" மகளே என்று கூப்பிட்டு அவர் கேட்டது நியாயம். அவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தை எனக்குச் சொல்ல ஒன்று வேண்டும். அது இருந்தால் நான் வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் அந்தப் பாசிச் சுவர்தான்.

உயர்தரப் பரீட்சைக்குக் கணிதம் படித்தேன். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே விழுந்ததால் கெம்பஸில் இடம் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொள்ள இந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்ட்களை வாங்கி நோண்டுகிற பழக்கம் வந்தது. கைவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, நடுவில் மூளையாக ஒரு சிப், பக்கத்தில் நாம் எழுதுகிற புரோகிராமை வைத்திருக்க எட்டுக் கால் உள்ள இன்னொரு சின்னச் சிப். இதோடு சின்னக் கெமரா ஒன்றைச் சேர்த்துக் கட்டிலைப் பார்க்க வைத்தேன். கட்டில் வெறுமையானால் என் போனில் மணி அடிக்கும், படமும் வரும். தரையில் ஆள் கிடந்தால் இன்னும் பெரிதாக அடிக்கும். அவ்வளவுதான் திட்டம்.

செய்து முடித்த அன்று அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளிக்கிழமை காலையில் மெசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் சுவிட்சில் கை வைக்கமாட்டார். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு சாமானுக்குப் பொட்டில்லை என்றால் அது இன்னும் கடையில் இருக்கிறது என்று அர்த்தம். பிரிட்ஜ், கேஸ் குக்கர், மின்சார மீட்டர், என் போனின் முதுகு, எல்லாவற்றுக்கும் உண்டு. அவர் படுத்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவருக்காக நான் வைத்துவந்தேன். புது மெசினைக் கண்டதும் கண்ணாலேயே சந்தனக் கிண்ணத்தைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இடது கட்டைவிரலால் தடிப்பாக ஒரு சந்தனம், அதன் மேல் ஒரு குங்குமம்.

அடுத்த நாளே சனி பிடித்தது. போர்டை அதன் முழு வேகத்தில் ஓடவிட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு செத்துவிடும். தானாக உயிர்த்து வரும், திரும்பச் சாகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சொன்னபடி கேட்டு ஓடியது. ஆனால் பாதி வேகத்தில் அதற்குக் கெமராவோடு ஈடுகொடுக்க முடியவில்லை. படம் கிழிந்து கிழிந்து வந்தது. அப்பா கட்டிலில் கிடக்கிறாரா, தலையணை கிடக்கிறதா என்று எனக்கே புரியாத படத்தை வைத்து அது என்ன முடிவெடுக்கும்? முழு வேகத்தில் ஓடும் என்று போட்டுத்தான் விற்கிறார்கள். விற்றவனையும் செய்தவனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவதற்கு எனக்கு நேரம் நிறைய இருந்தது.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். சார்ஜரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் லேனில் பின்னேரம் வோல்டேஜ் இறங்கும், பக்கத்து வீட்டில் அரிசி மாவு அரைத்தால் எங்கள் லைட் சுருங்கும். போனுக்கு வைத்திருந்த பவர் பேங்கில் போட்டும் பார்த்தேன். அதே கதை. சூடாகிறதோ என்று ஃபேனுக்கு முன்னால் வைத்தேன். அப்பாவுக்குக் குளிர்கிறது என்று போர்வை கேட்டார். என் புரோகிராமில் பிழையோ என்று ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு லைட்டை விட்டுவிட்டு எரியவைக்கிற வெறும் புரோகிராமைப் போட்டேன். முழு வேகத்தில் அதுவும் செத்தது.

இதில் ஒரு கூத்து இருந்தது. வெயில் அடித்த மத்தியானங்களில் முழு வேகத்திலும் நன்றாக ஓடும். எனக்கும் நம்பிக்கை வரும், அப்பாவுக்கு முட்டை பொரித்துக் கொடுப்பேன். மழை இருட்டிக்கொண்டு வந்தால் போர்டும் படுத்துவிடும். கண்டியில் வெயிலை நம்பி யார் வேலைக்குப் போவது?

மாத முடிவு நெருங்க நெருங்க எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. அப்பா தண்ணீர் கேட்டால் டம்ளரை ணங்கென்று வைத்தேன். அவர் இடது கையால் எடுத்துக் குடித்தார். அவருக்குப் பேச்சு வரும், மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத்தான் வரும். அந்த மெதுவைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் முடிக்கும் முன்னால் நானே முடித்துவிடுவேன்.

இப்படிப் போர்ட் நோண்டுகிறவர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. எந்தெந்த ஊர் ஆட்களோ. போர்டைப் படம் எடுத்துப் போட்டு விசயத்தைச் சொன்னேன். ஆளாளுக்கு அளந்தார்கள். அதை மாற்று, இதை ஒட்டு, போலி போர்ட், தூக்கி எறி. கடைசியாக யாரோ ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சின்னச் சிப்பின் கால்களில் சிவப்பாக, மஞ்சளாக என்னமோ அப்பியிருக்கிறதே, அது என்ன?

எனக்குச் சுள்ளென்று வந்தது. அது ஒன்றுமில்லை, பொட்டு என்று எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டு அந்த வரியை நானே ஒருதரம் வாசித்தேன்.

குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சந்தனம் தண்ணீரில் குழைத்தது. மழை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் பாலம் போட்டிருக்கிறது. மெதுவாக ஓடும்போது தாங்கிக்கொள்ளும். முழு வேகத்தில் புரோகிராமை வாசிக்கும்போது மூளைச் சிப் ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்தாக வாசித்துத் தொலைக்கும். இத்தனை நாள் அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பொட்டை நான் பார்க்கவே இல்லை. பிரிட்ஜில் இருப்பதை நான் என்றைக்குப் பார்த்தேன், இதில் பார்க்க?

அப்பாவின் சீனி வருத்தத்துக்கு ஊசி போடும்போது துடைக்கிற ஸ்பிரிட் இருந்தது. பழைய பிரஷ்ஷால் கால் காலாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். முழு வேகத்தில் போட்டேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போர்ட் சாகவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. திங்கட்கிழமை வருகிறேன் என்று முதலாளிக்குச் சொன்னேன். கீழே ஆன்ட்டிக்கும் சொன்னேன். அப்பாவிடம் வேலைக்குப் போவதை மட்டும் சொன்னேன். உங்கள் பொட்டுத்தான் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? மனம் நோகும். அலுமாரியின் பக்கத்தில் என் தலை உயரத்துக்கு ஆணி அடித்துப் போர்டை மாட்டினேன். நான் வீட்டில்தானே இருக்கிறேன் என்று மணியை மட்டும் திங்கட்கிழமை வரைக்கும் அணைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் சந்தனம் குழைத்துச் சாமிப் படங்களுக்கும் பிரிட்ஜுக்கும் வைத்துவிட்டு, உடுப்புத் துவைக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து போனைப் பார்த்தால் போர்ட் செத்துக் கிடக்கிறது. நாளை மறுநாள் கழிந்தால் திங்கள். அலுமாரிக்குப் போய்ப் போர்டைக் கழற்றினேன். அதே சின்னச் சிப்பின் மேல் புதுச் சந்தனம், ஈரம் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. அதன் மேல் குங்குமம்.

படிக்கட்டுக் கதவு நான் பூட்டினபடி பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில். வீட்டில் இன்னொரு ஆள் மட்டும்தான். கட்டிலில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடது கட்டைவிரல் நகத்தில் மஞ்சள்.

"அப்பா, இத யாரு வச்சது?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நான்தான்."

"எப்படி?"

"நடந்து போய்."

கையில் இருந்த போர்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். "எப்ப இருந்து நடக்குறீங்க?"

"நீ குளிக்கப் போறப்ப. துவைக்கப் போறப்ப." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவருக்கு நேரம் எடுத்தது. அன்று நான் முந்திக்கொண்டு முடிக்கவில்லை. "மொதல்ல செவுத்தப் புடிச்சு. இப்ப புடிக்காமயும் வரும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கட்டில்லயே கட்டிப் போட்டிருப்ப."

கட்டித்தான் போட்டிருப்பேன். "இத எதுக்குத் தொட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பொட்டு அழிஞ்சு போயிருந்துச்சு. நீ திங்கக்கிழம போகணும்ல. மெசினு நல்லா ஓடணும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் பயந்துபோய்ப் பார்த்தார். விசயத்தை எல்லாம் சொன்னேன், சிப், கால், சுண்ணாம்பு, ஈரம். கேட்டுவிட்டு, "ரோலருக்கு நாங்க மூடி மேலதான் வைப்போம். நீ மூடியே போடாம வச்சிருக்க," என்றார்.

"சரி, எனக்கு ஒருதரம் நடந்து காட்டுங்க."

"நீ பாத்தா காலு நடுங்குது," என்றார். எவ்வளவு கெஞ்சியும் எழும்பவில்லை.

போர்டைத் திரும்பக் கழுவினேன். ஒரு பழைய டிபன் டப்பாவில் கெமராவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, உள்ளே வைத்து மூடி அதே ஆணியில் மாட்டினேன். திங்கட்கிழமை படிக்கட்டுக் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போனேன். பேராதனை தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. கடையில் ஆணிப் பெட்டி எண்ணும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் வெறுமையான போதெல்லாம் மணி அடித்தது. ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். பாவம், அவர் தையலைப் போட்டுவிட்டு ஏறிப் போகும்போதெல்லாம் அப்பா கட்டிலில் ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் படுத்திருந்தாராம்.

அந்த வெள்ளிக்கிழமையும் காலையில் கடையில் இருக்கும்போது மணி அடித்தது. படத்தில் கட்டில் வெறுமை. ஆன்ட்டியின் நம்பருக்கு விரல் போய்விட்டது. அதற்குள் அப்பாவின் முகம் கெமராவுக்குக் கிட்டப் பெரிதாக வந்தது. கையில் சந்தனக் கிண்ணம். கிண்ணத்தை அலுமாரியில் வைத்துவிட்டுக் கட்டைவிரலைக் கொண்டுவந்து டப்பாவின் மூடியில் வைத்தார், ஓட்டையில் படாமல் பக்குவமாக. கொஞ்சம் பின்னால் சாய்ந்து பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார்.

வாதம் வந்த நாளிலிருந்து நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்திருக்கிறேன். அவர் தனியாக நடக்கிற முதுகை அன்றுதான் பார்த்தேன். வலது கால் இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து இடுப்புச் சாரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான் ஆன்ட்டியைக் கூப்பிடவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கொம்பியூட்டரைத் திறந்தேன். கட்டில் வெறுமையானால் மணி அடிக்கச் சொல்லி நான் எழுதியிருந்த வரியை அழித்தேன். தரையில் கிடந்தால் மட்டும் அடித்தால் போதும். அப்பா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே, என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, மெசினுக்குக் கொஞ்சம் வேலையைக் குறைக்கிறேன் என்றேன்.

"தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டார்.

"ஊத்துங்கப்பா," என்று சொல்லிவிட்டு, அவர் எழும்புகிற வரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.