நாலாவது கோளுக்கு இரண்டு சாட்சி

ஓம், உண்மைதான். ஆனால் ஜெமீல் காக்கா கண்டது நட்சத்திரமல்ல. தூரத்து நட்சத்திரமொன்றைச் சுற்றும் கோள். ஜனாஸா அடக்கத்தில் ஆளுக்கொரு மாதிரிக் கதைத்ததால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை மாவடிப்பள்ளி நெல் மில்லிலிருந்து யோகன் அண்ணன் போன் எடுத்து, "காக்கா மௌத்தாம்" என்று சாவுச் செய்தி சொன்னார்.

அந்த மில்லில் காக்கா நெல் அவிப்பவர். யோகன் அண்ணன் அடுப்புக்கு உமி தள்ளுவார். நான் கம்பஸ் படிப்பை விட்டுவிட்டு மூட்டை தைக்க வந்தவன். ஆவி ஏறும்வரை பொழுதுபோகட்டும் என்று காக்காவுக்குப் போனில் ஓர் இணையத்தளத்தைக் காட்டினேன். கோள் குறுக்கே போனால் நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி குறையும். வரைபடத்தில் சின்னப் பள்ளம் விழும். கணினி தவறவிட்ட பள்ளங்களை யாரும் குறித்து அனுப்பலாம். மூன்றே நாளில் காக்கா அதற்குள் விழுந்துவிட்டார். "இவர் வானத்தில வெள்ளி பாக்கிறார், இஞ்ச நெல்லு வெடிக்குது" என்று யோகன் அண்ணன் நக்கலடிப்பார்.

ஒருநாள் காக்கா பத்து வரைபடங்களைத் தந்து, பள்ளம் தெரிந்தால் என் போனில் குறிக்கச் சொன்னார். தான் எதில் கண்டார் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம். கண்டால் உடனே அனுப்ப வேண்டும், வேறொருவன் முந்திவிடுவான் என்றேன்.

"நான் கண்டன் எண்டா நீயும் கண்டன் எண்டுவாய். அது சாட்சியில்லடா."

காரணம் ஊருக்கே தெரியும். ஒரு பெருநாளுக்குக் கடற்கரையில் அவர் பிறையென்று விரல் நீட்ட, பக்கத்தில் நின்ற இருவரும் கண்டதாகச் சொன்னார்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பள்ளிவாசலில் கேட்டபோது, மூவரும் மூன்று பக்கம் காட்டினார்கள். அவர் காட்டியது மேகத்தின் ஓரம்!

ஒன்பதாவது வரைபடத்தில் என் விரல் நின்றது. ஏற்கெனவே தெரிந்த மூன்று கோள்களின் பள்ளங்களுக்கு நடுவே, ஆழமில்லாத நாலாவது. குறித்தேன். காக்கா, அனுப்பாமல் வைத்திருந்த தன் குறியைக் காட்டினார். அதே இடம். பிறகுதான் இருவரும் அனுப்பினோம்.

ஒன்றரை வருடம் போனது. இரண்டு பேர் தனித்தனியே ஒரே இடத்தைக் குறித்ததால், கணினி தள்ளியதை ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்தார்களாம். கோள் உறுதி. முதலில் கண்டவர்கள் என்று எங்கள் இரண்டு பெயர். நான் மின்னஞ்சலை வாசித்து முடிக்குமுன் காக்கா மில் சங்கை இழுத்து ஊதவிட்டார். முதலாளி பதறி ஓடிவந்தார்.

"பிறை கண்டாச்சு, முதலாளி."

அவரிடமிருந்து நான் கற்று வைத்திருப்பது, கண்டதைச் சொல்லாமல் இன்னொரு கண்ணுக்காகப் பொறுப்பது. எனக்கு அது லேசில் வராது. நேற்று வேறொரு நட்சத்திரத்தில் ஒன்றைக் கண்டேன். வாயே திறக்காமல் பத்து வரைபடங்களை யோகன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இப்போது உமியை விட்டுவிட்டு, போனைத் தூக்கிப்பிடித்து, வா என்று கையைக் காட்டுகிறார். நான் போக வேண்டும்.