தேத்தண்ணியும் சாப்பாடுதான்

நவமணியிடம் "உன்னால் முடியாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. மலைமேல் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கையால் கொழுந்து கிள்ளுவது நின்று, வெட்டிய கொழுந்தைப் பிடிக்கப் பெட்டி வைத்த கத்தரி வந்த புதிதில், "இதத் தூக்கிக்கிட்டு மேட்டுல நிக்கிறது பொம்பளைங்களால ஆகாது" என்றார் கங்காணி. கங்காணி ஓய்வு பெற்று, மூட்டுவலியோடு மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நவமணி ஐம்பது தாண்டியும் அதே மேட்டில் கத்தரியும் கையுமாக நிற்கிறாள்.

அவளையே சின்னச் சின்னக் கற்கள் மடக்கிப் போட்டுவிட்டன. வலது விலாவுக்குக் கீழே வலித்தபோதெல்லாம் வாயு என்று சொல்லி, ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். ஒருநாள் கொழுந்து வெட்டிக்கொண்டிருக்கும்போதே செடிமேல் கவிழ்ந்து விழுந்தாள். பக்கத்து வரிசையில் நின்ற நேப்பாள ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பக்கத்து ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பித்தப்பை முழுக்கக் கல். அறுத்து எடுக்க மலைக்குக் கீழே ஈப்போவில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தேதி கிடைக்கச் சில மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் காய்ச்சலோடு வலி வந்தால் ஆபத்து, உடனே ஓடி வாருங்கள் என்று டாக்டர் எச்சரித்தும் அனுப்பினார்.

சேதி தெரிந்ததும் மகன் ரூபன் போன் செய்தான். ஜொகூரில் வாடகை அறையில் மனைவியோடு இருந்துகொண்டு, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன்.

"காத்திருக்கிற கதையெல்லாம் வேணாம்லா அம்மா. ஈப்போவுல நல்ல பிரைவட் ஆஸ்பத்திரி இருக்கு. அடுத்த வாரமே செஞ்சிடலாம்."

"காசு?"

"வீட்டுக்குச் சேர்த்தது இருக்குல்ல."

நவமணிக்குச் சுருக்கென்றது. அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் லைன் வீட்டில். புருஷன் சாமிநாதன் கண்ணை மூடியதும் லைன் வீட்டில்தான். லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் மறுமாதம் சாமானைக் கட்டவேண்டும். அவர்கள் குடும்பத்தில் தன் பெயரில் ஒரு கதவும் சாவியும் வைத்துக்கொள்ளப் போகிற முதல் ஆள் ரூபன்தான். அதை என் வயிற்றில் கொட்டுவதா என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் கவர்மெண்ட்லதான் செஞ்சிக்குவேன். நீ வீட்டு வேலையப் பாரு," என்று போனை வைத்தாள்.

தேதி வந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும், எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நவமணிக்கா தெரியாது? வெள்ளிக்கிழமை தவறாமல் முப்பது வருஷமாக விரதம் இருக்கிறவள். விடியுமுன் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, விரதத்தன்று எப்படியோ அப்படியே பால் ஊற்றி ஒரு குவளைத் தேத்தண்ணி குடித்தாள். தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? குளிருக்கு இதமாக இருந்தது. கோலா தெர்லாவில் காய்கறி வியாபாரம் செய்யும் புருஷனின் அண்ணன் மகன் தர்மேந்திரன் கோஸ் ஏற்றிய லோரியில் அவளை உட்காரவைத்து ஈப்போவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டியாகிவிட்டது. கடைசியாக மயக்க மருந்து டாக்டர் வந்து, காலையில் ஏதாவது வயிற்றுக்குள் போனதா என்று கேட்டார். "ஒண்ணுமே சாப்பிடல, தேத்தண்ணி மட்டும்தான்," என்று நவமணி பெருமையாகச் சொன்னாள். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு தேதி தருகிறோம் என்றார்கள்.

திரும்பக் கூட்டிப்போக வந்த தர்மேந்திரனிடம் அவள், "இன்னைக்கு இல்லையாம்பா," என்பதோடு நிறுத்திக்கொண்டாள். தேத்தண்ணியைச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் சும்மா இருப்பானா? மலை ஏறும் வழியெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியைத் திட்டினான். ஊர் வந்து சேருமுன்பே, போனவளைப் படுக்கை இல்லையென்று விரட்டிவிட்டார்கள் என்று கதை கட்டிவிட்டான். கதை ஜொகூர் வரைக்கும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. தர்மேந்திரன் நேரில் வந்து உட்கார்ந்தான். ரூபன் போன் திரையில் ஒரு பக்கம். மறுபக்கம் நவமணியின் அக்காள் மகள் விக்னேஸ்வரி. அவள் இங்கிலாந்தில் நர்ஸ்.

"நாளைக்கே வீட்டுக்குக் கட்டின முன்பணத்தைத் திருப்பிக் கேக்கப்போறேன்," என்றான் ரூபன். "அம்மா உயிரு முக்கியமா, வீடு முக்கியமா?"

"ஈப்போ எதுக்கு? சென்னைக்குக் கூட்டிட்டுப் போலாம்," என்றான் தர்மேந்திரன். தன் அப்பாவின் இருதய வைத்தியத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து அவனுக்குச் சென்னைப் பித்து. "ஏர்போர்ட்டுக்கே கார் வந்துச்சு சித்தி. ரூம் ஹோட்டல் மாதிரி. டாக்டர் தோள்ல கைபோட்டுப் பேசுறாரு."

நவமணி கேட்டுக்கொண்டே இருந்தவள், "சரிப்பா, அந்த ஊர்ல என்னை மாதிரி கூலி வேலை செய்யுறவளுக்கு வயித்து வலின்னா, அந்த ஆஸ்பத்திரிக்கா போவா?" என்றாள்.

தர்மேந்திரன் தலையைச் சொறிந்தான். "அவங்களுக்குக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு சித்தி. காசு வாங்க மாட்டாங்கன்னு டாக்ஸிக்காரன் சொன்னான். நான் உள்ள போய்ப் பாக்கல. வாசல்ல ஒரே கூட்டம், பாய் விரிச்சுக்கூடப் படுத்திருந்தாங்க."

"சிங்கப்பூர்ல?"

"அங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரியே பளபளன்னு இருக்கும்," என்றான் ரூபன். "ஆனா சலுகையெல்லாம் அந்த ஊருக்காரங்களுக்குத்தான்மா. நான் போனா முழுக் காசு. எனக்குக் கம்பெனி கட்டும். உங்களுக்கு யாரு கட்டுவா?"

"விக்னேஸ்வரி, நீ சொல்லு. வெள்ளக்காரன் ஊர்ல எப்படி?"

"இங்க ஆஸ்பத்திரியில காசே கேக்க மாட்டாங்க சித்தி. ஆனா வரிசை இங்கயும் உண்டு. இடுப்பு ஆபரேசனுக்கு ஒரு வருசத்துக்கு மேல காத்துக்கிட்டு இருக்கிறவங்களை எனக்கே தெரியும். கையில காசு இருக்கிறவங்க பிரைவட்டுக்குப் போயிடுவாங்க. சில நேரம் ரெண்டு எடத்துலயும் அதே டாக்டர்தான் அறுப்பாரு."

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை தேசம் சுற்றியும் தனக்கு உட்கார நாற்காலி கிடைப்பது ஈப்போவில்தான். அந்த நாற்காலியில் மணிக்கணக்காக உட்காரவேண்டும், நிஜம்தான். ஆனால் ஐந்து வெள்ளி நோட்டை நீட்டினால் பெரிய டாக்டரே பார்க்கிறார். குழந்தையாக இருந்தபோது மூச்சு விடத் திணறிய ரூபனை ஆம்புலன்ஸில் வைத்து மலை இறக்கிப் பிழைக்க வைத்ததும் அந்த ஆஸ்பத்திரிதான். இன்றைக்கு அதன்மேல் வீண்பழி; பழிக்கு இடம் கொடுத்தவள் இவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடும் போகும். வெட்கம் பார்க்கிற நேரம் இல்லை.

"யாரும் பணத்தைத் திருப்பிக் கேக்க வேணாம்," என்றாள். "அவங்க என்னை விரட்டல. நான்தான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனேன்."

இங்கிலாந்திலிருந்து விக்னேஸ்வரி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"சித்தி, இங்க எவ்வளவு பெரிய பிரைவட்டா இருந்தாலும் உங்களை அன்னைக்குத் திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்க. வயித்துல பால் இருக்கிறப்ப மயக்க மருந்து குடுத்தா, வாந்தி நெஞ்சுக்குள்ள போயி உயிருக்கே ஆபத்து. அந்த டாக்டரு உங்களைக் காப்பாத்தியிருக்காரு."

"அண்ணன், படுக்கை இல்லன்னுல்ல சொன்னீங்க!" என்று ரூபன் திரைக்குள்ளிருந்து கத்தினான். தர்மேந்திரன் எழுந்து, லோரியைத் தப்பாக நிறுத்திவிட்டேன் என்று வெளியே போனான்.

"அம்மா, அதுக்குள்ள மறுபடி வலி வந்தா?" என்றான் ரூபன். குரல் இறங்கியிருந்தது.

"வந்தா தானா ராத்தாவுக்கு ஓடுவேன். அவங்க ஈப்போவுக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. உன்னைத் தூக்கிட்டு ஓடலையா? நீ வீட்டை விட்டேன்னா, நான் பிரைவட்டுல பெட்டுல படுக்கவே மாட்டேன். நின்னுக்கிட்டே இருப்பேன்." செய்கிறவள்தான் என்று ரூபனுக்குத் தெரியும்.

காத்திருந்த காலம் லேசானதல்ல. எண்ணெய்ப் பலகாரத்தை விட்டாள், முட்டையை விட்டாள். தீபாவளிக்கு வீடு வீடாக முறுக்கு வந்தபோது வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தள்ளினாள். ஒரு சாயங்காலம் வலி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. பயந்துதான் போனாள். பயத்தோடேயே மறுநாள் கத்தரியைத் தூக்கினாள்.

இரண்டாம் முறை, ஆபரேஷனுக்கு முதல் நாளே வந்து வார்டில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். நவமணியை இனி நம்புவதாக இல்லை போலிருக்கிறது. காலையில் பக்கத்துக் கட்டிலில் பேச்சுக்குரல் கேட்டுத் திரும்பினாள். மலைக்குக் கீழே ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த செல்லம்மாவுக்கும் அன்றைக்குத்தான் ஆபரேஷன். மகள் கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து, ஆவி பறக்க மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நவமணி கையில் குத்திய ஊசிக் குழாயோடு தாவி எழுந்து மூடியைப் பறித்தாள். பாதி தரையில் கொட்டியது.

"என்ன அக்கா இது! வெறும் தேத்தண்ணிதானே!"

"தேத்தண்ணியும் சாப்பாடுதான்!"

"நீங்க என்ன, நர்ஸா?"

"நர்ஸ் இல்ல. இதே தேத்தண்ணியால வீட்டுக்குத் திரும்பிப் போனவ. நீயும் போயி இன்னொரு தீபாவளிக்குப் பட்டினி கிடக்கணுமா?"

செல்லம்மா பிளாஸ்கை மூடி மகளிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். நவமணியின் முறை அதற்குப் பிறகு வந்தது.

கண் விழித்தபோது ரூபன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவன், முகம்கூடக் கழுவவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அவன் அழுதான். சாயங்காலம், இனிக் குடிக்கலாம் என்று சொல்லி நர்ஸ் ஒரு குவளைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

நவமணி குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். சாயம் இறங்கவே இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர்போல இருந்தது. இப்படி ஒன்றைத் தோட்டத்தில் யாராவது அவளுக்குக் கொடுத்திருந்தால் அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்திருக்கும்.

"வீட்டுச் சாவி எப்பக் குடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

"வருசக் கடைசியிலம்மா."

அவள் குவளையை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று நர்ஸிடம் நீட்டினாள்.