இடது பக்க டிராயர்

ஷென் லிங்ஃபென் விவாகரத்து வாங்கிய அன்று கம்யூன் அலுவலகத்து எழுத்தருக்குக் கோபமே வந்துவிட்டது. படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் எழுத அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"ரெண்டு பேருக்கும் சண்டை உண்டா?"

"இல்லீங்க," என்றான் அவள் கணவன் தாஷுவான்.

"குடிப்பியா?"

"பொங்கிப் படைக்கிற நாள்ல மட்டும்."

"அடிச்சிருக்கியா?"

"எதுக்கு அடிக்கணும்?"

"அப்புறம் நான் என்னத்தைய்யா எழுதறது? ஒரு அடியாவது போடு, எழுதிக்கிறேன்."

தாஷுவான் ஊர் டிராக்டரை ஓட்டுகிறவன். யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வான். கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். "போதுமா பாருங்க," என்றான். எழுத்தர் 'அடித்தான்' என்று எழுதிக்கொண்டார். தாஷுவானுக்குக் கையெழுத்து வராது, கட்டைவிரலைச் சிவப்பு மையில் ஒற்றினான். லிங்ஃபென் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். முத்துமுத்தாக எழுதுவாள். ஆனாலும் அன்றைக்கு அவளும் கட்டைவிரலைத்தான் வைத்தாள். வரும் வழியெல்லாம் இருவரும் அந்த அடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டு வாசலில் மூன்று வயது மைசுய் கோழிக் குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

பத்து வருஷத்துக்கு முன்னால், நகரத்துப் பிள்ளைகள் குடியானவர்களிடம் பாடம் படிக்கட்டும் என்று ஷாங்காயிலிருந்து ரயில் ரயிலாக ஏற்றி அனுப்பியபோது லிங்ஃபென்னுக்கு வயது பத்தொன்பது. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளையாத ஊரில் வந்து விழுந்தாள். ஆறு வருஷம் காத்திருந்தாள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக எதையாவது பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஏழாம் வருஷம் தாஷுவானைக் கட்டிக்கொண்டாள். அவளுக்காக அவன் முற்றத்தில் குளிக்க ஒரு மறைப்புக் கட்டினான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. "ஷாங்காய்க்காரிக்கு வருஷம் முழுக்கக் குளியலாம்!"

பிறகு, எழுபத்தொன்பது ஜனவரியில், அம்மாவின் கடிதம் வந்தது. அம்மா ஆமெய் ஒரு நூற்பாலையில் தொழிலாளி. புது உத்தரவு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடம் பிள்ளைகளில் ஒருவருக்கு, நகரத்தில் குடியிருக்க உரிமை தரும் ஊர்ப் பதிவோடு சேர்த்து. 'என் இடம் உனக்குத்தான். ஆனால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது.'

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை லிங்ஃபென்தான் யோசித்தாள். தாஷுவானிடம் மூன்று மாதம் பேசியவளும் அவள்தான். "ரெண்டு வருஷம். நான் வேலையில உட்கார்ந்துட்டா பாப்பாவைக் கூப்பிட்டுக்குவேன், அப்புறம் உன்னையும்." அவன் "ம்" என்றான். ஏப்ரல் கடைசியில் டிராக்டரிலேயே அவளைப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து விட்டான்.

ஷாங்காயில் அந்தச் சந்து மாறவே இல்லை. பதினொரு சதுர மீட்டர் அறை, மேலே பரண், கீழே ஆறு குடும்பத்துக்கு ஒரே சமையலறை. அம்மா விலாங்கு மீன் சமைத்துப் போட்டாள். தம்பி ஜியாமிங் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரணில் வைத்தான். அவன் கண் அவள் முகத்துக்கு வரவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் லிங்ஃபென் விவாகரத்துக் காகிதத்தை எடுத்து, மதிப்பெண் பட்டியலைக் காட்டும் பிள்ளை மாதிரி அம்மா முன் வைத்தாள். அம்மா அதை இரண்டு முறை படித்தாள். மடித்து மேசையின் இடது பக்க இழுப்பறையில் வைத்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் பக்கத்து வீட்டு யாவ் மாமி கேட்டாள். "வந்துட்டியா லிங்ஃபென்? தம்பி கல்யாணத்துக்கா? ஆலையில வேலையும் ஆச்சு, பொண்ணும் ஆச்சு, மிட்டாய் எங்கடின்னு உங்கம்மாவைக் கேளு!"

லிங்ஃபென் கஞ்சிப் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு மாடியேறினாள். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஆலையில?"

அம்மா நிமிரவில்லை. "தம்பி கட்டிக்கப்போற ஹூய்ஃபாங்கோட வீட்டுல, சர்க்கார் ஆலை வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லைன்னுட்டாங்க. அவளுக்கு அப்ப ரெண்டு மாசம் தள்ளிப்போயிருந்தது. நான் என்ன பண்ண?"

"கூடப் பிறந்தவங்க சம்மதம் இல்லாம குடுக்க மாட்டாங்களே."

"உன் முத்திரை இங்கதானே இருந்தது."

பேர் செதுக்கிய அந்தச் சின்ன மரமுத்திரை. பத்தொன்பது வயதில் கிளம்பும்போது, தபாலோ துணிக் கூப்பனோ வந்தால் வாங்கிக்கொள் என்று அவளே அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனது.

"எப்ப வெச்சே?"

"மார்ச் மாசம்."

"நான் கட்டைவிரல் வெச்சது ஏப்ரல்ல. நடுவுல ஒரு மாசத்துக்கு மேல இருந்ததும்மா. ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

"நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்." இன்னொரு காயை எடுத்தாள். "அதோட, நீ நிஜமாவே விட்டுட்டு வருவேன்னு நான் நினைக்கல. பச்சைப் புள்ளையைப் பெத்தவ."

"நீ எழுதினதாலதானே விட்டேன்!"

"நான் எழுதினா விட்டுடுவியா?"

அம்மா அடுத்த காயைப் பிளந்து பார்த்து, "அவரை முத்திடுச்சு, பாதி சொத்தை," என்றாள்.

இழுப்பறையிலிருந்து விவாகரத்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். அங்கிருந்த ஆள் கோப்பை எடுத்துச் சம்மதப் பத்திரத்தைக் காட்டினான். அவள் பெயர் சிவப்பாக, நேராக, ஒரு விளிம்பும் கலையாமல் விழுந்திருந்தது.

"தோழர் ஷென், இந்த முத்திரை உங்களுதா இல்லையா? இல்லைன்னா சொல்லுங்க, விசாரணை வைப்போம். பொய் முத்திரை வெச்சா உங்கம்மா ஓய்வு ஊதியம் போகும், தம்பி வேலை போகும். இடமும் ரத்து. உங்களுக்கும் வராது, அதையும் சொல்லிடறேன்."

"எனக்கும் வராதா?"

"தகராறு இடம் யாருக்கும் இல்லை." அவன் அவளுடைய காகிதத்தைப் பார்த்தான். "விவாகரத்தா? பன்னெண்டு நாள்தான் ஆச்சா?" பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டான். "டேய், இந்த மாசத்துல இது எத்தனாவது?"

"ஒம்போது. இந்த வருஷம் வசந்தத்துல பூ பூக்கலை, விவாகரத்துதான் பூக்குது."

இருவரும் சிரித்தார்கள். "குழந்தை உண்டா?" என்று கேட்டான் முதல் ஆள், சிரிப்பு மிச்சமிருக்க. விசாரணை வைத்தால் இதைத்தான் மறுபடி மறுபடி கேட்பார்கள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. குழந்தை உண்டா, எத்தனை வயசு, எதுக்கு விட்டீங்க.

"முத்திரை என்னுதுதான்," என்றாள்.

ஜூன் வரை பரணில் இருந்தாள். கல்யாணம் முடிந்த மறுவாரம் ஹூய்ஃபாங், "அக்கா, குழந்தை வந்துட்டா தொட்டில் எங்க போடறது?" என்று பரணைப் பார்த்துக் கேட்டாள். லிங்ஃபென் தன் முத்திரையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறினாள்.

முற்றத்துக் கொடியில் வேறொருத்தியின் சட்டை காய்ந்தது. அடுத்த ஊர் விதவை ஒருத்தியைத் தாஷுவானின் அம்மா கூட்டிவந்து வைத்திருந்தாள். தாஷுவான் வாசலுக்கு வந்தான்.

"ரெண்டு வருஷம்னு சொன்னியேடா."

"நீ சொன்னே. நான் 'ம்'னேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அன்னிக்கு ரோட்டுல நீ பஸ் ஏறினப்போ நான் டிராக்டரை எடுக்கல. பஸ் மறையற வரைக்கும் நின்னேன். நீ திரும்பியே பார்க்கல, லிங்ஃபென்." குரலில் கோபம்கூட இல்லை. "நீயும் விரல் வெச்சே, நானும் வெச்சேன். அடிச்சேன்னு வேற எழுதியாச்சு."

பள்ளிக்கூடத்து வேலை மட்டும் மிஞ்சியது. வகுப்பறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். நாலு வருஷம் கழித்து மைசுய் சிலேட்டோடு முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், இவளுக்கு நீங்கதான் அம்மாவாமே!" என்று ஒரு பயல் கத்தினான். மைசுய் அவன் தலையில் சிலேட்டாலேயே போட்டாள். "எங்கம்மா வீட்டுல இருக்காங்க!" அடித்ததற்காக அவளை வெளியே நிற்கவைக்க வேண்டியிருந்தது. லிங்ஃபென் நிற்கவைத்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு ஆகும்போது, கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளை ஒன்று ஷாங்காய்ப் பதிவுக்குத் திரும்பலாம் என்று விதி வந்திருந்தது. அங்கே ஒரு வீட்டுத் தலைவர் தன் குடும்பப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். தாஷுவான் தானாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்தான். "கூட்டிட்டுப் போயிடு. இங்க இருந்தா வர்ற வருஷப் பிறப்புக்குள்ள எவனுக்காவது கட்டி வெச்சிருவாங்க."

லிங்ஃபென் முதலில் தனியாக ஷாங்காய்க்குப் போனாள். அந்தப் பழைய அறையில் இப்போது வீட்டுத் தலைவன் ஜியாமிங். ஆலையில் பாதி இயந்திரங்கள் நின்றுவிட்டன. நாற்பது வயதாகாத ஆட்களையே வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. அவன் சிகரெட்டை விரலுக்குள் உருட்டிக்கொண்டே, "ஹூய்ஃபாங்கைக் கேட்கணும்," என்றான்.

அவன் கேட்கும் வரை ஹூய்ஃபாங் காத்திருக்கவில்லை. "இந்தப் பொந்துல பூனைக்கே இடமில்ல. நாளைக்கு இந்தச் சந்து வீடுகளை இடிச்சா நஷ்டஈட்டுல இவளும் பங்கு கேட்டு நிப்பா. அக்கா, உங்க தம்பி உங்க கிட்ட எதையும் திருடல. முத்திரை என்னுதுன்னு நீங்களே சொன்னீங்க, ஆலை முழுக்கத் தெரியும்."

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனார்கள். அறையில் அம்மாவும் லிங்ஃபென்னும்தான். அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து ஒரு வருஷம். பேச்சு குழறியது, கண் மட்டும் பழைய கண். லிங்ஃபென் அவளைப் புரட்டி, துடைத்து, விரிப்பை மாற்றினாள். அம்மா நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராயர்," என்றாள் கடைசியில். "இடது பக்கம்."

லிங்ஃபென் கதவைப் பார்த்தாள்.

"அவன் சாயந்தரம் வரைக்கும் வரமாட்டான்."

இழுப்பறை லேசில் திறக்கவில்லை. உள்ளே குடும்பப் புத்தகம், சிவப்பு மை டப்பா, தம்பியின் முத்திரை. லிங்ஃபென் சம்மதப் பத்திரத்தை மேசையில் விரித்தாள்.

"நேரா வை. கோணலா விழுந்தா கேள்வி கேப்பாங்க," என்றாள் அம்மா. பிறகு, "அன்னிக்கு நான் நேராத்தான் வெச்சேன்."

மன்னிப்பு என்று ஏதாவது இருந்திருந்தால் அது அவ்வளவுதான். மகளுக்குப் பதிலாக அன்று மகன். மகனுக்குப் பதிலாக இன்று பேத்தி. அம்மாவின் குரலில் இரண்டு முறையும் ஒரே உறுதி. லிங்ஃபென் முத்திரையை ஊதி, நேராகப் பார்த்து, அழுத்தினாள்.

சந்துவாசலில் மைசுய் பெட்டியோடு நின்றாள். பதிவு நடந்துவிட்டது. மேலே அறையில் ஹூய்ஃபாங் கத்துவது தெரு வரை கேட்டது. "திருட்டுக் குடும்பம்! வரட்டும் உள்ள, பார்த்துக்கறேன்!" ஜியாமிங்கின் குரல் கேட்கவில்லை. போலீசில் சொன்னால் எழுபத்தொன்பதிலிருந்து தோண்டுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஹூய்ஃபாங் மாமி என்ன சொன்னாலும் பதில் பேசாதே," என்றாள் லிங்ஃபென். "காலையில மலச்சட்டியை நீயே முதல்ல எடுத்துட்டுப் போய்க் கழுவு. சாப்பாட்டுல ரெண்டாவது தடவை கையை நீட்டாதே."

"எத்தனை நாளைக்கு?"

"வேலை கிடைக்கிற வரைக்கும்."

"நீங்க இருக்க மாட்டீங்களா, டீச்சர்?"

"விதி பிள்ளைக்கு மட்டும்தான்."

மைசுய்யின் முகம் சுருங்கியது. "அப்பாவே தேவலாம். அவரு அனுப்பத்தான் செஞ்சாரு. நீங்க கூட்டிட்டு வந்து விடறீங்க."

லிங்ஃபென் அவள் சட்டைக் கழுத்தைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். ஊர் திரும்பும் பெங்பு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சந்தின் கடைசி வரை லிங்ஃபென் நடந்தாள். இந்த முறை மறக்காமல் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. பெட்டியும் இல்லை.