பச்சைப் புடவைக்குள்ளிருந்து

எங்கள் ஜவ்வாது மலையில் காட்டுக்குள் போகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டேதான் நடப்பார்கள். கூட ஆளிருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் இருமல். வளைவு வந்தால் 'ஓவ்' என்று ஒரு குரல். கரடிக்குச் சொல்லிவிட்டுப் போவது அது. ஆள் வருவது தெரிந்தால் கரடி தானே விலகிப் போய்விடும். தெரியாமல் கிட்டே போய் நின்றால்தான் எழுந்து அடிக்கும். அடித்தால் முகத்தைத்தான் அடிக்கும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தேனெடுக்கப் போன இடத்தில் கூட்டாளியோடு கோபித்துக்கொண்டு பேசாமல் நடந்தபோது அடிபட்டார். இப்போதும் பஸ்ஸில் முகத்தின் ஒரு பக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னலோரமாக உட்காருவார். அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டே வந்திருக்கிறேன்.

எனக்குக் குரல் எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் போன பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே தொண்டை அடைக்கும். சந்தையில் சாமைக்கு விலை சொல்வதும் என் மனைவிதான். காட்டில் நான் 'ஓவ்' சொல்வதில்லை. தடியால் மரத்தைத் தட்டிக்கொண்டே போவேன்.

மகள் திருப்பத்தூரில் செல்போன் கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் அந்தப் பழைய கேமராவை வாங்கிவந்து கொடுத்தாள். பொத்தான்களில் இருந்த ஆங்கிலம் எனக்குப் புரியாது என்று, அழுத்த வேண்டியவற்றில் மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள். "பொட்டு இல்லாததத் தொடாதப்பா," என்றாள். யாரிடமும் பேசாமல் செய்கிற வேலை அது. எனக்குப் பிடித்துப்போனது. மரங்கொத்தி, மாங்குயில், பச்சைப்புறா எல்லாம் எடுத்தேன். ஆனால் மரத்தைத் தட்டினால் குருவி நிற்குமா? தடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு புதரும் எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது.

குளிர் காலத்தில் எங்கள் ஓடைப் பக்கம் ஆறுமணிக் குருவி வரும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் விசிலடிப்பது போலக் கூப்பிடும். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவே நல்ல சிவப்பு. தரையில் சருகைப் புரட்டித் தின்னும். மனைவியின் பழைய பச்சைப் புடவையைப் புதரில் கட்டி, அதற்குள் உட்கார்ந்து காத்திருப்பேன். ஒரு நாள் அது கிட்டே வந்த நேரம், புளி பொறுக்கப் போன மனைவி வளைவில் 'ஓவ்' என்றாள். குருவி போய்விட்டது. நான் புடவையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா மாமா, உன் குருவிக்கு என் கொரலு ஆவலியா? நாளையிலேர்ந்து பூனையாட்டம் வர்றேன், போ."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில், புடவைக்கு முன்னால் இருந்த புற்றுப் பக்கம் 'புஸ் புஸ்' என்று சத்தம் கேட்டது. ஓட்டை வழியே பார்த்தேன். கரடி. நகத்தால் புற்றைப் பிளந்து, மூக்கை உள்ளே விட்டு ஊதி ஊதிக் கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. காற்று அதன் பக்கமிருந்து வீசியதால் என் வாடை அதற்குத் தெரியவில்லை. அதன் வாடைதான் எனக்கு வந்தது, நனைந்த கம்பளி மாதிரி. என் கால் மரத்துப்போயிருந்தது. மூச்சு விட்டால் புடவை ஆடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். தின்றுவிட்டுப் போய்விடும், போய்விடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது புற்றுக்கு அந்தப் பக்கம், உண்ணிச்செடிகளுக்கு மேலே ஒரு கூடை நகர்ந்து வந்தது.

செடிகளின் இடைவெளியில் பார்த்தேன், அவள்தான். இருமல் இல்லை, குரல் இல்லை. வளையல் சத்தம் வரக்கூடாதென்று முழங்கை வரைக்கும் ஏற்றி இறுக்கியிருந்தாள். பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். வழி புற்றை ஒட்டித்தான் திரும்புகிறது. கரடி தலையைப் புற்றுக்குள் விட்டிருந்தது. அது ஊதுகிற சத்தத்தில் அவள் வருவது அதற்குக் கேட்கவில்லை. செடிகள் மறைத்ததால் அவளுக்கும் அது தெரியவில்லை.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். அப்போதும் காற்றுதான். விரல் மட்டும் எனக்குச் சொந்தமாக இருந்தது போலிருக்கிறது. சிவப்புப் பொட்டை அழுத்தியது. கேமரா டக டக டக என்றது.

கரடி ஊதுவதை நிறுத்தியது. தலையை வெளியே எடுத்துப் புடவையைப் பார்த்தது. மூக்கில் மண் ஒட்டியிருந்தது. அந்த அமைதியில் வளைவில் ஒரு சருகு நொறுங்கியது. கரடி என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது.

அப்புறம் நடந்ததை நான் செய்ததாகச் சொல்ல முடியாது. புடவையோடு எழுந்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை இல்லை. நிற்கவும் இல்லை. கரடி என் பக்கம் திரும்பி இரண்டு காலில் எழுந்தது. மார்பில் இருந்த வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், கத்துவது மட்டும் நிற்கவில்லை. கல் உருளும் சத்தமும் கிளை முறியும் சத்தமும் மேட்டுப் பக்கம் ஏறிப் போனபின்தான் கண்ணைத் திறந்தேன்.

"யார்ரா அது?" என்று கீழேயிருந்து அவள் கேட்டாள். கையில் அரிவாள்.

"நான்தான்."

"நீயா கத்துன?" கிட்டே வந்து புடவையை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள். "யாரையோ வெட்டிட்டாங்கன்னு நெனச்சேன். உனக்குக் கொரலு இருக்குதா மாமா? இத்தினி நாளு சந்தையில என்னைக் கத்த வுட்டியே."

சிரித்துக்கொண்டே திரும்பியவள் பிளந்திருந்த புற்றைப் பார்த்தாள். அதில் நகத் தடம் ஈரமாக இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் புடவையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏற்றிவிட்ட வளையலை இறக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் இறக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்த மகள் அந்தப் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒன்றில் கரடியின் காது, அதன் மேல் ஒட்டினாற்போல அவள் அம்மாவின் கூடை.

"அப்பா, இதப் பெருசா பிரேம் போடலாம்," என்றாள்.

"அழிக்கிற பொத்தான் எது? அதுக்கும் ஒரு பொட்டு வச்சுக் குடு," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தானே அழித்தாள்.

இந்த வருஷமும் ஆறுமணிக் குருவி வந்திருக்கிறது. ஓடைக்குப் போகும்போது தடியை எடுத்துக்கொள்கிறேன். புடவைக்குள் உட்கார்ந்தாலும் அவள் வரும் நேரமானால் நானே 'ஓவ்' என்கிறேன். குரல் பிசிறடிக்கிறது. வளைவிலிருந்து அவள் பதில் சொல்கிற வரைக்கும் கேமராவைத் தொடுவதில்லை. அதற்குள் குருவி எழும்பிவிடுகிறது. இதுவரை படத்தில் விழுந்தது அதன் வாலடிச் சிவப்பு மட்டும்தான்.