காலி நாற்காலிக்கு ஓர் அழைப்பு

திண்டிவனத்தில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் மூலையில் ஒரு நீல நிற நாற்காலி இருந்தது. அதில் எவரும் அமரக் கூடாது என்பது சோதனைக் குழுத் தலைவியின் ஆணை. அவரை நாங்கள் அக்கா என்றே அழைத்தோம். விழுப்புரத்து மருத்துவமனை ஒன்றுக்காக, நோயாளிகளை எண் சொல்லி அழைக்கும் மென்பொருளை அப்போது உருவாக்கிக்கொண்டிருந்தோம். எழுதி முடித்த பின் பிழை தேடுவது அக்காவுக்கு உவப்பில்லை. ஒரு வரி எழுதும் முன்பே குழுவினர் அனைவரும் நோயாளிகளாக வரிசையில் அமர வேண்டும். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் எண்ணை அழைக்க, ஒவ்வொருவராக எழுந்து செல்ல வேண்டும். இறுதியில் நீல நாற்காலியின் எண் அழைக்கப்படும். எவரும் எழமாட்டார்கள். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கும். பட்டப்பகலிலும் முதுகு சில்லிட, அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

“யாருக்கா அது, பேயா? ரெண்டு தபா கூப்ட்டும் வரலன்னா நம்பரத் தூக்கிடலாம்க்கா. ஜல்தியா முடிஞ்சிடும்” என்றான் நிரல் எழுதும் நண்பன்.

“தூக்கிடுவியா? எழுந்துக்க முடியாம உக்காந்துகினு இருந்தாங்கன்னா? நீ போயி பாத்தியா?” என்றார் அக்கா.

பட்டிமன்ற மேடைதோறும் எதிரணியின் வாயடைத்துப் பரிசு கொண்டவன் நான். அன்று நானும் அக்காவின் அணியில் சேர்ந்துகொண்டேன். வராதவரின் எண் அழியாமல் செவிலியரின் திரையில் சிவப்பாக எரியும்படி எழுதினோம். எண்களையும் அதற்கான அறிவிப்பையும், வீட்டில் பேசுவது போலவே அக்கா பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவே மருத்துவமனைக்குச் சென்றது. மறு ஆண்டு, கூட்டேரிப்பட்டில் நிகழ்ந்த சாலை விபத்தில் அக்கா இறந்துபோனார்.

சென்ற மாதம் அம்மாவை அதே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அவரை அமர்த்திவிட்டுத் தண்ணீர் வாங்க வெளியே போனேன். திரும்பி வந்து வாயிலில் கால் வைத்தபோது, இறந்தவரின் குரல் அம்மாவின் எண்ணை அழைத்தது. மீண்டும் அழைத்தது. அம்மா தலை கவிழ்ந்து அசையாதிருந்தார். சர்க்கரை இறங்கி நினைவு நழுவிக்கொண்டிருந்தது என்பது பிறகே தெரிந்தது.

“எழுந்துக்க முடியலன்னா அங்கியே இருங்க. நாங்க வர்றோம்” என்றது குரல்.

நான் ஓடிய திசையில் கூடம் முழுவதும் திரும்பி அம்மாவின் நாற்காலியைப் பார்த்தது, அன்று நாங்கள் பார்த்தது போலவே. திரையில் சிவந்த எண்ணைக் கண்டு செவிலி ஓடி வந்தார். அம்மா பிழைத்தார். கண் விழித்ததும், “அந்தப் பொண்ணு எங்கடா? வர்றோம் வர்றோம்னு சொல்லிக்கினே இருந்துச்சே” என்றார்.

அந்த நீல நாற்காலியை நாங்கள் காலி என்றே நினைத்திருந்தோம். அக்கா அன்று அழைத்துக்கொண்டிருந்தது என் அம்மாவை.