உளுந்தூர்பேட்டைக்கு அரை மணி நேரம்

காலை ஐந்து நாற்பதுக்குக் கோலாலம்பூர் விமான நிலைய வாசலில் வாடகைக் கார் எங்களை இறக்கிவிட்டபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று பெண்கள், மூன்று பெட்டி, மூன்று தோள்பை. எட்டரைக்கு விமானம். நம்மூர் நேரம் பத்து மணிக்கெல்லாம் திருச்சி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. இந்தத் திட்டத்தைப் போட்ட புத்திசாலி நான்தான்.

நான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பொம்மை யூனிட் நடத்துகிறேன். ஜோசபின் என்னிடம் பதினாறு வருடமாக மண் கலக்குகிறாள். மும்தாஜுக்கு மங்கலம்பேட்டையில் பாத்திரக்கடை. எங்கள் பொம்மைகளை முதன்முதலில் வாங்கி விற்றவள் அவள். ஒருநாள் டீ குடிக்கும்போது, "நாமளும் ஒரு தடவ பிளைட்டு ஏறணும்டி" என்று ஆரம்பித்த பேச்சு ஐந்து நாள் மலேசியாவில் வந்து முடிந்தது.

அந்தத் தேதியில் வர மும்தாஜுக்கு இஷ்டமே இல்லை. அவள் மகன் அனஸ் முதல்முறையாகத் துபாய்க்கு வேலைக்குப் போகிறான். இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. நாங்கள் திரும்புகிற அதே நாள் இரவு பதினொன்று நாற்பதுக்குச் சென்னையில் அவனுக்கு விமானம். அவனோடு துபாய்க்குப் போகும் மற்ற பையன்களையும் ஏற்றிக்கொண்டு மாலை நாலுக்கு ஊரிலிருந்து வேன். வெளிநாட்டுக்குக் கிளம்புகிற பிள்ளையின் தலையில் கைவைத்து, துஆ ஓதி, உச்சியில் ஊதி அம்மா அனுப்பிவைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். "ரெண்டு நாளு முன்னாடியே திரும்பிடலாமே சாந்தி" என்று கெஞ்சினாள். "பத்து மணிக்கே திருச்சிடி. உன் கையால பிரியாணி ஆக்கிப் போட்டே அனுப்பலாம், நான் கேரண்டி" என்றேன். கேரண்டி கொடுக்க நான் என்ன விமானக் கம்பெனியா நடத்துகிறேன்?

காலை 6.25. பைகளைச் சோதிக்கிற இடம். மும்தாஜ் போய்விட்டாள், நானும் போய்விட்டேன். ஜோசபினின் பை மட்டும் எந்திரத்துக்குள் போனது வெளியே வரவில்லை. ஒரு பெண் அதிகாரி அதைத் தனி மேசைக்குக் கொண்டுபோய்த் திறந்தார். துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. இரண்டு கிலோ.

போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்ற அறிவிப்பை வந்திறங்கிய அன்றே சத்தம் போட்டு வாசித்துக் காட்டியவளே ஜோசபின்தான்!

"என்னா பவுடர் இது?" என்று அதிகாரி தமிழிலேயே கேட்டார். அந்த ஊர்த் தமிழ்ப் பெண்.

"மண்ணுங்க மேடம். பீங்கான் செய்யிற மண்ணு. கிள்ளான்ல பட்டறை பாக்கப் போனப்ப வாங்கினேன், பதினெட்டு ரிங்கிட்டு."

"மண்ணா? உங்க ஊருல மண்ணு இல்லையா?"

"இருக்குதுங்க. இவ்ளோ வெள்ளையா இல்லீங்க" என்றாள் ஜோசபின். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் மண் நல்லதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு: ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்போம். நறநறவென்றால் மணல் இருக்கிறது, வழவழவென்றால் நல்ல மண். பதினாறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? "நீங்களே பாருங்க மேடம்" என்று பொட்டலத்துக்குள் விரலை விட்டு, ஒரு சிட்டிகை வெள்ளை மாவை வாயில் போட்டுக் கடித்து, கண்ணை மூடித் திறந்து, "வெண்ணெயாட்டம் இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். எங்கிருந்தோ நாலு பேர் வந்தார்கள். அவளை ஒரு அறைக்குள்ளும் எங்களை இன்னொரு அறைக்குள்ளும் உட்காரவைத்தார்கள். பாஸ்போர்ட்டுகள் போயின. மாவு பரிசோதனைக்குப் போனது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எட்டேமுக்காலுக்கு, வெறும் மண்தான் என்று சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைத் தந்தார்கள். விமானம் அதற்குள் பறந்துவிட்டது.

ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் சொச்சம் தண்டம் அழுது, பகல் 1.10 விமானத்தில் இடம் வாங்கினோம். நான் வாய்க்கு வந்தபடி ஜோசபினைத் திட்டினேன். "அறிவிருக்கா ஒனக்கு? ஏர்போர்ட்டுல நின்னு மண்ணைத் தின்னுவியா?" அவள் சத்தமில்லாமல் அழுதாள். மும்தாஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிற்பகல் 2.30. திருச்சி. முன்னால் வந்த இன்னொரு விமானத்துக் கூட்டம் குடியுரிமை வரிசையில் பாம்பாக வளைந்து நின்றது. அதைக் கடக்க நாற்பது நிமிடம். பெட்டிக்கு இருபது நிமிடம். ஜோசபினின் பெட்டி கடைசிக்கும் கடைசியாக வந்தது. வராமல் இருந்தால்தானே ஆச்சரியம்!

3.35க்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கார் பிடித்தோம். அனஸுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊர்ச் சாலை சென்னை நெடுஞ்சாலையில் சேருகிற உளுந்தூர்பேட்டை ரவுண்டானாவில் ஐந்து மணிவரை நிற்பதாகச் சொன்னான். திருச்சியிலிருந்து அங்கே நூற்று நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றேன் டிரைவரிடம்.

"எம்பதுக்கு மேல போவ முடியாதுக்கா. வண்டி வேகத்த ஓனரு போன்ல பாத்துக்கினே இருப்பாரு."

"பெத்த புள்ளைய வழியனுப்பப் போறாங்கப்பா!"

"நான் இன்னாக்கா பண்றது? எம்பத்தஞ்சு போனாலே கூப்பிட்டுடுவாரு."

முள் எண்பதிலேயே நின்றது. எங்களைத் தாண்டி ஒரு மாட்டுத்தீவன லாரி போனது. பெரம்பலூர் தாண்டியதும் சுங்கச்சாவடியில் எங்கள் காரின் பாஸ்டேக் ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை. பின்னால் ஹாரன், முன்னால் எந்திரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் ஊழியர். பத்து நிமிடம். காரைவிட்டு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

வேப்பூர் வரும்போது மணி ஐந்தேகால். இன்னும் முப்பது கிலோமீட்டர். என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மும்தாஜிடம் நீட்டினேன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வேப்பூருடா. தோ, வந்துட்டேன்."

"அரை மணி நேரந்தானே. வாங்க, நான் நிக்கிறேன்."

பின்னால் யாரோ கத்துவது கேட்டது: "டேய், ஒம்பதுக்குள்ள உள்ள போவணும்டா! திண்டிவனத்துல டிராபிக்கா இருக்குதாம்!"

மும்தாஜ் கேட்டாள்: "வேன்ல எத்தினி பேருடா?"

"என்னோட நாலு பேரும்மா."

"சரி, கிளம்பு."

"அம்மா…"

"கிளம்புடான்னா! என் ஒருத்திக்காக மத்த மூணு புள்ளைங்க பொழப்பக் கெடுக்காத. தலையைக் குனிஞ்சிக்க."

போனை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு ஓதினாள். டிரைவர் தானாகவே ஏசியையும் பாட்டையும் நிறுத்தினார். ஓதி முடித்து, போனிலேயே மூன்று முறை ஊதினாள். அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வேன் கதவு சாத்துகிற சத்தத்தோடு போன் அணைந்தது.

மாலை 5.40க்கு அந்த ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பினோம். டீக்கடை ஓரம் ஒரு லோடு ஆட்டோ மட்டும் நின்றது. மும்தாஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு மணிக்கு மங்கலம்பேட்டை. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் இன்னும் கலையவில்லை. கார் நின்றதும் அவள் நாத்தனார் ஹாஜிரா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன அண்ணி இது? பெத்த புள்ளைய அனுப்பக்கூட வராம அப்பிடி என்ன ஊர்சுத்தல்?"

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஜோசபின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போட்ட திட்டத்தையும், கொடுத்த கேரண்டியையும் நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மும்தாஜ் சொன்னாள்: "பிளைட்டு லேட்டு ஹாஜிரா. நாம என்ன பண்ண முடியும்? இவங்க ரெண்டு பேரும் கூட இல்லன்னா எனக்கு வூடு வந்து சேரவே தெரிஞ்சிருக்காது."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்கடி, டீ குடிச்சிட்டுப் போவீங்க."

போனோம். டீ வந்தது. நான் எப்படியோ குடித்துவிட்டேன். ஜோசபினால் முடியவில்லை.